தண்ணீர் நிற்காத தொட்டிகள்

கொளத்தூரில் மீன் தொட்டி ஒட்டுகிறவர் என் வீட்டுக்காரர்.
சிலிக்கான் சரியாகப் பிடிக்காமல்
மூலையில் கசிகிறவற்றை
கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
மாடிப்படிக்குக் கீழே நின்றன
ஏழெட்டு,
ஒன்றுக்கும் உதவாமல்.

நிவாஷினிக்குப் பதினோராவது பிறந்த நாள்.
நாய் கேட்டாள்.
ஹவுஸ் ஓனர் முகம் நினைவுக்கு வந்தது.
பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து
ஷூ டப்பாவில் இரண்டு ஜெர்பில் வாங்கிவந்தார்.
ரெண்டுமே பொட்டைதான் சார், என்றானாம்,
குட்டி போட்டா என்னைக் கேளுங்க.

ஒரு மாதம்கூட ஆகவில்லை.
குக்கர் மூன்றாவது விசில் அடிக்கையில்
மரத்தூளுக்குள் ஆறு.
ஊறவைத்து உரித்த கடலைபோல,
கண் திறக்காமல், துடித்துக்கொண்டு.
கேட்கப் போனோம்.
அந்த ஆள் இருந்த இடத்தில்
செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான் ஆரம்பம்.
கசிகிற தொட்டி ஒவ்வொன்றாய் வீட்டுக்குள் வந்தது.
எலிக்கு வாடகை வாங்கணும் உங்ககிட்ட
என்று மேல்வீட்டு சரோஜினி சிரித்தாள்.
லாரித் தண்ணிக்கு நான் அவளோடு சண்டை போடும் நாட்களில்
இந்த வீட்டில் தண்ணீரே கேட்காத ஜீவன்கள்
அவை மட்டும்தான்.

கல்யாணப் பத்திரிகைகளைக் கொடுத்தால்
மணமகன் பட்டத்தில் தொடங்கி
"தங்கள் நல்வரவை" வரை அரை மணியில் பஞ்சாக்கிவிடும்.
தெருவில் சாவு மேளம் போனால்
பின்னங்காலால் தரையை அடித்துப் பதில் சொல்லும்,
தட் தட் தட்,
எட்டுத் தொட்டியிலும்.
யாருக்கு என்ன ஆபத்து என்று யாருக்குத் தெரியும்.

விற்பதெல்லாம் மகளின் பொறுப்பு.
அண்ணா நகரிலிருந்து காரில் வந்தவர்
ஒன்று போதும் என்றார்.
தனியா இருந்தா ஏங்கிப்போயிடும் அங்கிள்,
ஜோடியாதான் தருவேன்.
ஏசி எத்தனை மணி நேரம் ஓடும்?
வீட்டில் பூனை?
பெண் பார்க்க வந்தவர் மாதிரி
அவர் சோபா நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள்.
கேசரி, ரவா, அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.
யாரோடு யாரைச் சேர்க்கலாம்,
யாரைக் கூடாது.
சொந்தத்துல சேர்த்தா குட்டி நிக்காதும்மா
என்றாள் ஒருநாள், பென்சிலைச் சீவிக்கொண்டே.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.
என் அம்மாவின் கடைசித் தம்பி டில்லிபாபு
பக்கத்து அறையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.
இவளுக்கு முன்னால் ஒருவன் இருந்தான்.
நான்கு நாள்.
எழும்பூர் ஆஸ்பத்திரி. பெயர் வைக்கவில்லை.

நம்ம வீட்டுக்கும் போடட்டுமா என்று
பின்பக்கத்தில் கோடு இழுக்கத் தொடங்கினாள்.
அம்மா, அம்மாவின் அம்மா, அப்பா.
இரண்டு கோடும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.
தப்பா போட்டுட்டேன் போல என்று
ரப்பரை எடுத்தாள்.
அழிக்காதே என்றேன்.
அறுக்கிற சத்தம் நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
எனக்கும் அவளுக்கும் நடுவில்
கொஞ்சம் இடம் விட்டு
இன்னொரு சின்ன வட்டம் போடச் சொன்னேன்.
போட்டாள்.

இப்போது அவர் கை தேறிவிட்டது.
மூன்று வாரமாக ஒரு தொட்டியும் திரும்பி வரவில்லை.
ரவாவுக்கு வயிறு இறங்கியிருக்கிறது,
இடம் இல்லை.
அப்பா, ஒண்ணே ஒண்ணு
கொஞ்சம் மோசமா ஒட்டேன்
என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.