கையெழுத்துப் போடுமுன்

செசிலி,
உன் மகளையும் சேர்க்கப் போவதாக
ஐஸ் கம்பெனி வாசலில் சொன்னாயாம்.
சேர்.
படிவத்தில் எழுதாததை மட்டும்
நான் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பேர். லக்ராஸ்.
என் வாயில் அது இன்னும் லெக்ராசுதான்.
ரேஷன் வரிசையில் கேட்டார்கள்,
எந்த வியாதிக்கு மாத்திரை என்று.

மட்டை அத்தாங்கு மாதிரி இருக்கும்,
கம்பு, நுனியில் கையகல வலை.
உன் வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து
கண்ணி சரியில்லை என்பார். அவிழ்க்க விடாதே.
எங்கள் வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக
நண்டுவலை முடிச்சுப் போட்டுத் தந்தார்.
மறுநாள் பந்து உள்ளே போனது,
வெளியே வரவே இல்லை.
பெனிட்டா டீச்சர் உட்கார்ந்து சிரித்தாள்.
புது வலை நூற்றெழுபது ரூபாய்.

மாதம் முந்நூறு என்று போட்டிருக்கும்.
முந்நூறு இல்லை.
பல்லுக்கு ரப்பர், முள் வைத்த ஷூ,
பஸ், பஸ்ஸில் வாந்திக்கு எலுமிச்சம்பழம்,
கருவேலங்காட்டுக்குள் தொலைத்த பந்துக்குப் பங்கு.
நாம் பாசிக்குப் போகிற பன்னிரண்டு நாளில்
இரண்டு நாள் காசு அங்கே என்று வைத்துக்கொள்.

பல் ரப்பரை வெந்நீரில் போட்டுச்
சூடாகக் கடிக்க வேண்டும்.
நம்புசெல்வி கடிக்கும்போது என்னவோ பேசிவிட்டாள்.
இன்றைக்கும் அது
ஒரு பாதிச் சொல்லின் வடிவத்தில் இருக்கிறது.

காயம் வரும்.
முழங்கையில், கணுக்காலில்,
முதலில் நீலம், அப்புறம் மஞ்சள்.
எண்ணாதே.
உன் விரலைப் பாறை கிழித்ததை
யார் எண்ணினார்கள்?

கண்ணுக்குக் கம்பிக் கண்ணாடி ஒன்று தருவார்கள்.
அவள் அதைக் கழற்றி மாட்டிய கொடியில்
என் கடல் கண்ணாடியும் தொங்கியது.
அன்று ராத்திரி பார்த்தேன்,
இருவர் நெற்றியிலும் ஒரே மாதிரித் தடம்.

ஏழாவது வரியைக் கவனமாகப் படி:
ஆட்டத்தின்போது பெற்றோர் கத்தக்கூடாது.
அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து.
அலைக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை நமக்கு.
நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.
எதிர்ப்பக்கம் கீழக்கரைப் பிள்ளை ஒருத்தியின் வாப்பா
குடையை மடக்கி, விரித்து, மடக்கி,
பாவம், அவரும் போட்டவர்தான்.

முக்கியமாகச் சொல்ல வந்தது இது.
மகள் ஆடுவாள் என்று நினைத்துப் போகாதே.
ராமநாதபுரத்தில் முதல் போட்டி அன்று
நல்ல நீர்வற்று.
எல்லோரும் கடலுக்குள் இருந்தீர்கள், நான் பஸ்ஸில்.
நம்புசெல்வி பெஞ்சில்.
தண்ணீர் பாட்டில் நிரப்பினாள்,
இன்னொருத்தி ஷூவுக்குக் கயிறு கட்டினாள்,
என் பக்கம் திரும்பவே இல்லை.
கடைசி நான்கு நிமிடம் உள்ளே விட்டார்கள்.
பந்து ஒரே தடவை அவளிடம் வந்தது.
உருண்டு வந்ததை வாரி எடுத்தாள்.
ஓடவில்லை, எறியவில்லை.
வலைக்குள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.
அதற்குள் தட்டிவிட்டார்கள்.

தோற்றோம். பதினொன்றுக்கு இரண்டு.

திரும்பும்போது ஆறுதல் இரண்டு மூன்று
தயாராக வைத்திருந்தேன்.
அவள் கேட்கிற மாதிரி இல்லை.
உச்சிப்புளி தாண்டியதும்,
"அம்மா, நீ கத்துனியா?"
"இல்லையே."
"கேட்டுச்சு."
அப்புறம் பாலம் வரைக்கும் தூங்கினாள்.
மட்டை என் மடியில்,
அதன் வலையில் யாரோ செருகிய
கடலைமிட்டாய்த் தாள்.

புதன்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும்.
தகப்பன் பேருக்குக் கீழே கோடு இருக்கும்,
அவர் கடலில் என்றால் நீயே போடு.
ரத்த வகை கேட்பார்கள்,
ஆஸ்பத்திரியில் காலையில் மட்டும் பார்ப்பார்கள்.
சனிக்கிழமை ஜெசிந்தாவோடு நீயும் வா.
கோட்டுக்கு வெளியே நிற்க
எவ்வளவோ இடம் இருக்கிறது.
நிழல்தான் கிடையாது.