நீலக் கதவு

கன்சால்பேட்டை, நான்காவது சந்து.
முதல் வீடு தில்ஷாத்துடையது.
வாசலில் சிலேட்டோடு நின்றாள்:
பெயர், பயனாளி எண், 'பணி முடிவுற்றது'.
பின்னால் நீலக் கதவு.
தாழ்ப்பாளுக்குக் கீழே
யாரோ ஆணியால் கீறிய ஒரு மீன்.
படமெடுத்து ஏற்றினேன்.

உங்கள் வீட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்
என்கிறது அரசாணை.
பணம் நான்கு தவணை.
பேஸ்மட்டம் வந்தால் ஒன்று,
லிண்டல் வந்தால் ஒன்று.
வந்தால்.
பேஸ்மட்டம் எதை வைத்து வரும் என்று
எந்தப் பத்தியிலும் இல்லை.
அது குழுக்கடன்காரியின் நோட்டில் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி,
ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேரும் எழுந்திருக்க முடியாது.

பாலாறு கூப்பிடு தூரம்தான்.
ஒரு சட்டி மணல் அள்ளினால் கேஸ்.
எம்-சாண்டுக்கு நேற்றொரு விலை, இன்றொரு விலை.
இரண்டாயிரம் பீடி சுற்றினால்
ஒரு மூட்டை சிமெண்ட் என்றாள் தில்ஷாத்.
முந்நூறு சதுர அடிக்கு எத்தனை பீடி?
அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
பாதியில் அடித்துவிட்டேன்.

எப்சிபா வீட்டுக் கதவும் நீலம்.
கடையில் அந்தப் பெயின்ட்தான் மலிவு போல
என்று நினைத்துக்கொண்டேன்.
மூன்றாவது, முனிரத்தினம்.
தாழ்ப்பாளுக்குக் கீழே மீன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர்தான் சிலேட்டைக் கொஞ்சம் நகர்த்தி
மீனை மறைத்துப் பிடித்தார்.
கைதான் ஆடியது.
இரண்டு படம் கலங்கி, மூன்றாவது சரியாக விழுந்தது.
அட்சரேகை பொருந்துகிறது என்றது கணினி,
தவணை போய்ச் சேர்ந்தது.
போன வேகத்தில்
செங்கல்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குச் சத்துவாச்சாரியில் வாடகை வீடு.
கதவு வீட்டுக்காரருடையது.

இன்று ஐந்தாவது வீடு, குணவதி.
நிலை இருக்கிறது. நிலையில் சாக்குப்படுதா.
"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுங்க சார்."
குடித்தேன். வந்தேன். படுதா அப்படியே இருந்தது.
"இன்னொரு டீ சார்..."
கத்திரி வெயிலில் இரண்டாவது டீயும் இறங்கியது.

சந்து முனையில்
தலைப்பக்கம் எப்சிபாவின் புருஷன்,
கால்பக்கம் தில்ஷாத்தின் மகன்.
நடுவில், படுத்தபடி வருகிறது நீலம்.
பையன் வாயில் ஸ்க்ரூடிரைவர்.
என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

நான் கால்வாய்ப் பக்கம் திரும்பி
போனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கீல் பொருத்தும் சத்தம்.
ஒரு திருகாணி கைதவறி உருண்டு
என் செருப்போரம் வந்து நின்றது.

குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.