நனையாத பை

செவ்வாய் பின்னேரம்
பாஷையூர் அந்தோனியார் கோவில் பின்கதவில்
மெழுகுதிரிக் கட்டைகள், ஒரு சொப்பிங் பாக் நிறைய.
கூட்டித் துடைக்கிற றெஜினோல்ட்
கிலோ நானூறு என்றான்.
முந்நூறுக்கு முடித்தேன். என் தொழில் அது.

திரி பிடுங்கி, கரி சுரண்டி,
பால்மா ரின்னுக்குள் போட்டு
ரின்னைக் கொதிதண்ணிச் சட்டிக்குள் இறக்கினேன்.
நேராய் அடுப்பில் வைத்தால் பற்றிவிடும்.
காற்பங்கு தேன்மெழுகும் சேர வேணும்,
இல்லாவிட்டால் மடிக்கிற இடம் வெடிக்கும்.

கன்வஸ் பை, கம்பனி தந்தது.
பழைய பெயின்ற் பிறஷால்
நெசவின் போக்கில் பூசினேன்.
முதலில் தேமல் விழுந்த முதுகு போல.
தலைமயிர் காயவைக்கிற மெஷினைப் பிடிக்க
தேமல் உருகி உள்ளே போய்
துணி ஒரு நிறம் கறுத்தது.

போன கார்த்திகை மழையில்
கடன் கொப்பி ஊறிப்போனது.
பக்கம் பதினேழில்
மெற்றில்டாவின் பதினோராம் கிழமையும்
யஸ்ரினாவின் ஆறாம் கிழமையும்
ஒரே நீலக் குளம்.
"நான் கட்டினனான் தங்கச்சி, அந்தோனியார் சாட்சி."
ஒப்பீசுக்கு அந்தோனியார் வரவில்லை.
இரண்டு தவணையும் என் சம்பளத்தில் வெட்டினார்கள்.

அதனால்தான் மெழுகு.

அதனால்தான் பைக்குள் தண்ணி ஊற்றி
கிணற்றடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
துணி ஒரு சொட்டும் விடவில்லை.
தையல் விட்டது,
ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு மணி.
காயவைத்து, தையலுக்கு மட்டும்
விரலால் இன்னொரு பூச்சு, சுடச்சுட.

விரலில் இறுகியதை உரித்தால்
அதற்குள் என் ரேகை.
கைநாட்டு வைத்தமாதிரி.

இந்தக் கட்டைகளில் சிலது
மெற்றில்டா கொளுத்தியதாய் இருக்கும்.
செவ்வாய் தவறாத மனுசி.
மகனுக்கு விசா, வீங்கின காலுக்குச் சுகம்,
இந்த வெள்ளி நான் வரக்கூடாதென்று
ஒரு திரியாவது.

வெள்ளி.
விடிய இருந்து மழை,
ஒழுங்கை முழுக்க முழங்கால் தண்ணி.
பைக்கு மேலே விழுந்ததெல்லாம்
உருண்டு உருண்டு ஓடுகிறது.
உள்ளே கொப்பி மொறுமொறுவென்று.

மெற்றில்டா கதவைத் திறந்தாள்.
பையைப் பார்த்தாள்.
மூக்கை ஒருக்கால் உறிஞ்சினாள்.
"என்ன பிள்ளை, கோவில் மணம் மணக்குது,
பூசையால வாறியோ?"

ஓம் என்றேன்.
குளிருக்கு மெழுகு இறுகி
பையின் வாய்
உடனே திறக்கவில்லை.