முன்னூற்று எழுபது

வில்லுக்குறி தாண்டி, சாலைக்கு மண்ணடித்ததில்
கால்வாசி போக மீந்த குளம் எங்களுடையது.
காற்றில்லாத காலைகளில்
வேளிமலை அதில் தலைகீழாய்க் கிடக்கும்.
மற்ற நேரம் ஆகாயத்தாமரை.

சிலேபிக்குக் கணக்கில்லை, யாரும் கேட்பதுமில்லை.
கெண்டை குத்தகைக்காரன் விட்டது, தொட்டால் சண்டை.
வரால் மட்டும் யாரும் விடாமல் வந்தது.
எத்தனை இருக்கும் என்று கேட்டால்
ஸ்டான்லிபோஸ் கையை விரித்து மலையைக் காட்டுவான்.
"ஒண்ணும் கெடையாது மக்கா, எல்லாம் தீந்தாச்சு"
என்பான் பென்னட்.
இரண்டு பேரும் மத்தியானம்வரை தூண்டல் போடுவார்கள்.

சித்திரைக் கடைசியில்
மீன்வளத்துறையிலிருந்து ஷெர்லின் வந்தாள்.
வலைவீசி அறுபது வரால் பிடித்து
வால்துடுப்பின் மேல்நுனியைக் கத்தரித்து
திரும்பத் தண்ணீரில் விட்டாள்.
ஒவ்வொன்றும் ஒரு கணம் நின்று, பிறகு போனது,
வரி கட்டிவிட்டு ஆபீஸ் படியிறங்குகிறவன்போல.

ராபின்சன் சாயாக்கடையில்
நாற்பது பக்க நோட்டொன்றைச் சணலில் கட்டித் தொங்கவிட்டாள்.
"தின்னுங்க, விடுங்க, உங்க இஷ்டம்.
எத்தனை வரால் பிடிச்சீங்க,
அதிலே வால் வெட்டினது எத்தனை,
அதை மட்டும் எழுதுங்க."
பிடித்ததை அறுபதால் பெருக்கு.
வால் வெட்டியதால் வகு.
குளத்தில் எத்தனை என்று குளமே சொல்லிவிடும்.

நான் மோட்டார் கட்டுகிறவன்.
ஒரு சுற்றுப் பிசகினால்
காயில் முழுக்கப் புகையும் என்று தெரிந்தவன்.
அவள் சொன்னது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

ஆனிச் சாரல். கரையில் ஆளில்லை.
ஆம்பல் ஓரத்தில்
தண்ணீருக்கடியில் யாரோ குங்குமம் கரைத்ததுபோல
வரால் பார்ப்புகள், செக்கச்செவேலென்று, ஆயிரம் இருக்கும்,
ஒரே மூச்சாய் மேலே வந்து
ஒரே மூச்சாய்க் கீழே போயின.
அப்படிக் கண்டால் தூண்டலைச் சுருட்டிவிட வேண்டும்.
எழுதிவைத்த சட்டமில்லை.
பென்னட்கூட, குடித்திருந்தாலும், சுருட்டிவிடுவான்.

நான் தவளையைக் கோர்த்து
அந்தச் சிவப்பின் நடுவில் போட்டேன்.

பசித்துக் கடிக்கவில்லை அது.
விரட்டக் கடித்தது.
முழங்கை நீளம். ஒன்றேகால் கிலோ.
புல்லில் புரண்டபோது
வாலின் மேல்நுனியில்
நேராய் ஒரு வெட்டு.

கொழுந்தியாள் குடும்பம் மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்தது.
மரச்சீனி வெந்துகொண்டிருந்தது.
வாலை முதலில் அரிந்து பூனைக்குப் போட்டேன்.
நோட்டில் எழுதினால்
தேதி கேட்பார்கள், இடம் கேட்பார்கள்,
ஸ்டான்லிபோஸ் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்ப்பான்.
எழுதவில்லை.
குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆவணியில் ஷெர்லின் நோட்டை எடுத்துக் கூட்டினாள்.
பிடித்தது முப்பத்தொன்பது, வால் வெட்டியது இரண்டு.
ஆயிரத்து நூற்றெழுபது.
"கொள்ளாமே" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.
நான் சாயா ஆறுமுன் மனசுக்குள் போட்டுப்பார்த்தேன்:
நாற்பது, மூன்று.
எண்ணூறு.

ஒரு மீனைத் தின்று
முன்னூற்று எழுபது மீன்களைக்
குளத்தில் விட்டிருக்கிறேன்.
அவற்றையும் சேர்த்துத்தான் குத்தகை ஏலம் போனது.
அவற்றை நம்பித்தான்
இந்த வருடம் குஞ்சு விட வேண்டாமென்று தீர்மானம்.
காவல் போன அந்தச் சிவப்பைச்
சிலேபிகள் எத்தனை நாளில் தீர்த்தன என்பது
எந்த நோட்டிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன், பழைய இடத்துக்குத்தான்.
பென்னட் நாலடி தள்ளி உட்கார்ந்து
"ஆயிரத்துச் சொச்சம் கெடக்காம்லே" என்று சிரிக்கிறான்.
மிதவை அசையவில்லை.
இழுத்துப் பார்த்தால் இரை மட்டும் இல்லை,
முள் கழுவித் துடைத்ததுபோலச் சுத்தம்.

எண்ணிக்கொண்டேன், ஒன்று.
இன்னொரு தவளைக்காகக் குப்பியில் கைவிட்டேன்.