பதினொன்றுக்கு ஒரு சிப்பி

பத்தொன்பது வருடம் அந்தப் பொத்தானை அழுத்தியது
இந்தக் கட்டைவிரல்.
பார்த்தால் தெரியாது.
நகம் கொஞ்சம் தட்டை, அவ்வளவுதான்.

குன்றின்மேல் பள்ளி, கீழே விரிகுடா,
விரிகுடா முழுக்கச் சிப்பித் தெப்பங்கள்.
கலீசியாவின் மழை விடாமல் பெய்தாலும்
என் மணி கடைசித் தெப்பம்வரை கேட்கும்.
மருஷா இரண்டாம் ஈடு ரொட்டியை
அடுப்பிலிருந்து இழுப்பது அதைக் கேட்டுத்தான்.
ஃபிஸ் பேருந்தைக் கிளப்புவதும்.
சொல்லக் கூடாது, ஆனால்
ஊருக்கே நாடி பிடிப்பவன்போல நடந்திருக்கிறேன்.

அந்தீயா வந்தது இலையுதிரும் பருவத்தில். ஏழு வயது.
மணிக்கு அரை நிமிடம் இருக்கும்போதே
மேசைக்கடியில் போய்விடுவாள்,
இரண்டு காதிலும் இரண்டு முழங்கால்.
ஒருநாள் என் அறை வாசலில் நின்று
"உன் கை மேலே போவது
வகுப்பிலேயே எனக்கு வலிக்கிறது" என்றாள்,
யாரையும் பார்க்காமல்.
நான் துடைப்பத்தைப் பார்த்தேன்.

வலை பின்னும் கொட்டகையில் கூட்டம்.
எலாதியா டீச்சர் கூப்பிட்டது பெற்றோரை;
வந்தது ஊர்.
"ஒரு பிள்ளைக்காகவா?" என்றார் ஒருவர்.
"ரொட்டி கருகினால் யார் தருவது?" என்றாள் மருஷா.
"காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டுமே."
இது யார் சொன்னதென்று
குறிப்பேட்டில் எழுதவில்லை. நான்தான்.

அந்தீயாவின் அம்மா வாதாடவில்லை.
நாளுக்கு ஒன்பது முறை, என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.
அந்த ஒன்பது கொட்டகை நடுவே கிடந்தது,
யாரும் எடுத்து மாட்டாத ஈரக் கோட்டாக.

பிராய்ஸின் அப்பா எழுந்தார்.
என் மகனுக்கு மணி கேட்டதே இல்லை.
பக்கத்துப் பையன் எழுந்தால் எழுவான்.
மூன்று வருடம். ஒருவரும் விசாரிக்கவில்லை.
பிறகு வெல்டர் உர்பனோ,
கப்பலில் கொதிகலன் வெடித்தபின் கரையோடு நின்றுவிட்டவர்,
சுவரைப் பார்த்தபடி சொன்னார்:
பதினோரு மணிக்கு நான்
சுத்தியலைக் கீழே வைத்துவிடுவேன். கை நடுங்கும்.

பத்தொன்பது வருடம்
யாருக்கு அடித்தேன்?

ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம் என்றது கூட்டம்.
எதிர்த்து ஏழு கை.
எட்டாவது பாதி உயர்ந்து இறங்கியது.
அதுவும் என்னுடையது.

முதல் திங்கள் அலங்கோலம்.
விளையாடப் போனவர்கள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள்.
பேருந்து போய்விட்டது, இரண்டு பிள்ளைகள் மழையில் நடந்தார்கள்.
மருஷா கருகிய ரொட்டிகளைக் கூடையோடு
பள்ளிக்கே அனுப்பினாள்,
சீட்டு ஏதும் இல்லாமல்.
சுரண்டித் தின்றோம்.

புதனன்று எலாதியா டீச்சர் சொன்னார்:
தோளைத் தொட்டுச் சொல்லுங்கள், ஒருவர் அடுத்தவருக்கு.
பிராய்ஸ் முதல்முறையாக
எல்லோரோடும் சேர்ந்து எழுந்தான்.
நல்ல யோசனைதான்.
ஆனால் அந்தீயாவைத் தொடக் கூடாதே,
அவளுக்கு அது மணியைவிட மோசம்.
பெரியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க,
பின்வரிசை ஷியானா
கரையில் பொறுக்கிய வெற்றுச் சிப்பி ஒன்றை
அவள் மேசை விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.
அந்தீயா அதைப் புரட்டினாள்.
இன்னொருமுறை புரட்டினாள்.
எழுந்தாள்.

இப்போது அந்தத் தொடுகை வாசலைத் தாண்டுகிறது.
கடைசிப் பிள்ளை வேலிவழியே தபால்காரியைத் தொட,
அவள் போய் மருஷாவின் தோளில் தட்ட,
ரொட்டி நாலு நிமிடம் தாமதம், நிறம் சற்றுத் தூக்கல்.
வாங்குகிறவர்கள் பழகிவிட்டார்கள்.
ஃபிஸ் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறார்,
கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தும்.
மாதம் முடிந்த சனிக்கிழமை
உர்பனோ ஏணியோடு வந்து கம்பியை அறுத்தார்.
கூலி வேண்டாமென்றார்.
மணியை என்ன செய்வதென்று
இதுவரை யாருக்கும் தெரியவில்லை; என் அலமாரியில் இருக்கிறது.

பதினொன்றானால் கட்டைவிரல் தானாக எழுகிறது,
வெறும் சுவரைப் பார்த்து.
நேற்றும் அப்படித்தான்,
பாதி துடைத்த நடைக்கூடத்தில் நின்றுவிட்டேன்.
கவனித்திருப்பாள்போல.
வாளி விளிம்பில் ஒரு சிப்பி.
யாரையும் பார்க்காமல் அவள் போய்க்கொண்டிருந்தாள்,
ஈரத்தில் காலடி பதியப் பதிய.

அந்த இடத்தை மறுபடி துடைக்க வேண்டும்.
துடைக்கலாம். அவசரமில்லை.