இனம் என்றொரு கட்டம்

ஈசூன். புளோக்கின் கீழ்த்தளம். இரவு எட்டரை.
நான் தொண்டூழியன், மனு தட்டுபவன்.
இந்தியர் வந்தால் என்னிடம் என்பது ஏற்பாடு.

நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு மூன்று பேர் எழுந்தார்கள்:
மங்கையர்க்கரசி, ரொஹாயா, திருமதி கோ.
மூவர் சட்டையிலும் ஒரே நிறுவனத்தின் பச்சை.

"கூட்டுறது பதினோரு புளோக்.
போன வருஷம் ஏழு பேர், இப்ப நாங்க மூணு.
குத்தகைய இவ்வளவு மலிவா
யார் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது?
அத மட்டும் கேட்டு எழுதுங்க தம்பி."

உதவித்தொகை? பற்றுச்சீட்டு? அரிசிப் பை?

"தீபாவளிக்கு முறுக்கு தந்து படம் எடுத்தாங்க.
இவளுக்கு நோன்புக் கஞ்சி, அவங்களுக்கு ஆரஞ்சு.
பண்டிகைன்னா மூணு தினுசாத் தெரியுறோம்.
சம்பளம்னா?"

திரையில் இனம் என்றொரு கட்டம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
ஒரு மனுவுக்கு ஒரு பெயர்தான்.
விவகார வகை: வீடு, அபராதம், குடிநுழைவு...
பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதற்கு வகை இல்லை.

திருமதி கோ மலாயில் ஏதோ சொன்னார்.
ரொஹாயா சிரித்தார், மங்கையர்க்கரசியும்.
எனக்குத்தான் அந்த மொழி தெரியாது.

'மற்றவர்' என்று அழுத்தினேன். திறந்தது.

அடுத்த அறையில்
குத்தகையில் கையெழுத்திட்டவர்
நாற்பதாம் எண்ணின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.
இந்த மனுவும் அவரிடம்தான் போகும்.

கடைசி வரி தானாகவே வந்து நின்றது:
'தங்கள் கனிவான பரிசீலனைக்கு.'
கனிவை அழித்தேன்.
சேமிப்பதற்குள்
திரும்ப வந்துவிட்டது.