முந்நூறு ரூபாய்க்குள்

டவாலி கூப்பிட்டார்:
தனபாக்கியம், தனபாக்கியம், தனபாக்கியம்.
மூன்றாவது தடவை
பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள்,
பேர்லயே பாக்கி.

மஞ்சக் கடுதாசி என்பார்கள் எங்கள் பக்கம்.
கொடுத்தவள் சொல்கிறேன், வெள்ளைத் தாள்தான்.
ஓரத்தில் ஸ்டாம்பு, மூலையில் பச்சைக் கயிறு,
ஜெராக்ஸுக்கு மட்டும் நூற்றெண்பது.
திவாலாகவும் கையில் காசு வேண்டியிருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை,
எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்து,
மாடியில் ஆறு மெஷின்.
நைட்டி, உள்பாவாடை.
தீபாவளி மாதம் இஸ்திரிப் பெட்டி ஆறவே ஆறாது.
நெல்லூருக்குப் போன ஒன்பது மூட்டை
காசாகத் திரும்பவில்லை.
கோடவுன் தெருத் துணிக்கடனுக்கு ஏலச்சீட்டு,
சீட்டு கட்ட வாரவட்டி,
வாரவட்டிக்கு வளையல்.
ஓர் ஓட்டையை அடைக்கப்
பக்கத்திலிருந்தே துணி வெட்டினேன்.
தையல்காரிக்கே தெரியவில்லை
சட்டை சிறுத்துக்கொண்டு வருவது.

மண்ணடி வக்கீல் தேவசகாயம்
கோடு போட்ட தாள் கொடுத்தார்.
யாருக்கு எவ்வளவு, ஒண்ணு விடாம எழுதும்மா.
விடியும்வரை எழுதினேன்.
பதினேழு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டுத்
தூங்கிப்போனேன்,
எட்டு மாதத்தில் முதல்முறை.
தொகை தெரிந்த பயம்
தொகை தெரியாத பயத்தைவிடக் குள்ளம்.

சட்டம் எனக்கு விட்டுவைப்பது:
தொழில் கருவி, உடுத்த துணி,
படுக்கை, சமைக்கும் பாத்திரம்,
எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்.
வெள்ளைக்காரன் போட்ட கணக்காம்.
என் குக்கர் ஒன்றே சட்டத்தைத் தாண்டியது.
பட்டியல் எடுக்க வந்தவர்
ஐந்து மெஷினுக்கு நம்பர் ஒட்டினார்.
மூலையில் கிடந்த கால்மெஷினைத் தட்டி,
ஓடுமா, என்றார்.
சில நாள், என்றேன்.
இருநூற்றைம்பது என்று எழுதினார்.
மீதி ஐம்பதுக்குள்
நானும் என் பாயும் என் சோறும்.
குக்கர் பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

பிறகு தண்ணி லாரி வரிசையில்
என் குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் நடுவே
ஒரு குடத்தின் இடம் விட்டார்கள்.
ஐ.பி. குடுத்தவ.
பழகிக்கொண்டேன்.
பழைய ஜிப் மாற்றினேன், பால்ஸ் தைத்தேன்,
ஓரம் அடித்தேன், ஒன்றுக்கு இருபது.
நாள் முடிந்ததும்
நோட்டில் வரவு, செலவு, மிச்சம்.
மிச்சம் நாலு ரூபாய் என்று எழுதிய நாளும் உண்டு.

விடுவிப்பு உத்தரவு வர
இரண்டு வருஷம் ஏழு மாசம்.
வந்த வாரமே ஒரு பெண் போன் செய்தாள்.
மேடம், உங்களுக்கு லோன் ரெடியா இருக்கு.
சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.
பாவம், அவள் தண்ணி குடிக்கச் சொன்னாள்.

பைனான்ஸ் மோகனரங்கத்துக்கு இனி தரமாட்டேன்.
வட்டியிலேயே மூன்று தடவை வாங்கிவிட்டான்.
இதில் வெட்கம் ஒன்றுமில்லை.
கோடவுன் தெரு சேட்டுக்கு?
தெரியவில்லை.
இன்னும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

ஜீனத் விஷயம் வேறு.
என்னிடம் காஜா எடுத்தவள்.
மகள் பீஸுக்கு வைத்திருந்த பதினோராயிரத்தை
சீட்டில்லாமல், சாட்சியில்லாமல் கொடுத்தாள்.
பட்டியலில் கடைசியாக அவள் பெயரை எழுதி
உடனே அடித்தேன்,
கோர்ட் கடுதாசி அவள் வாசலுக்குப்
போகக் கூடாதென்று.
சட்டத்துக்குத் தெரியாத கடன்.
அதைத் தள்ளுபடி செய்ய யாருமில்லை.

சனிக்கிழமைகளில் போகிறேன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடித்தான் கிடக்கும்.
கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக நகர,
ஆட்டோக்கள் உறும, மீன் கூடைகள் சொட்ட,
ஜாக்கெட்டுக்குள் மடித்த இருநூறு
வியர்வையில் நனையும்.

இன்று முப்பத்தேழாவது வாரம்.
ஜீனத் எண்ணாமல் டப்பாவில் போடப் போனாள்.
கையைப் பிடித்தேன்.
எண்ணு, என்றேன்.